பழைய மகிழுந்துகளில் ஸ்டீரியோ இணைப்பு

பழைய மகிழுந்துகளில் ஸ்டீரியோ இணைப்பு என்பது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிவமைக்கப்பட்ட மகிழுந்துகளின் மின்சுற்றில், பிற்காலத்தில் உருவான வானொலி, கேசட், குறுவட்டு, புளூடூத் முதலிய ஒலிக்கருவிகளைப் பொருத்தி இயக்கும் முறையாகும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் அம்பாசிடர், பியட் எனப் பரவலாக அறியப்படும் பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மகிழுந்துகளைப் பற்றியதாகும்.

இம்மகிழுந்துகளின் மின் அமைப்பு சில விளக்குகள், ஒரு ஒலிப்பான், ஒரு துடைப்பான், எரிபற்று ஆகியவற்றை மட்டும் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. எனவே ஒலிக்கருவியை இணைக்கும் முன் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். அவை: மகிழுந்தின் உடல், பேட்டரியின் எந்த முனையோடு இணைக்கப்பட்டுள்ளது, மின்னாக்கி எவ்வளவு மின்னோட்டத்தைத் தரவல்லது, புதிய கம்பியைக் காக்கத் தனி உருகி உள்ளதா. இவற்றை அறியாமல் செய்யப்படும் இணைப்பு கருவியைப் பழுதாக்கும். சில வேளைகளில் மகிழுந்தையே தீக்கிரையாக்கும்.

வரலாறு

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்னும் பெயரில் மகிழுந்து வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து வானொலிகள் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. அவற்றுக்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தைப் பேட்டரியிலிருந்து பெற, அதிர்வி எனப்படும் இயந்திரச் சாவி ஒன்றும் மின்மாற்றியும் பயன்பட்டன. 1955இல் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன பில்கோ வானொலி கிரைஸ்லர் மகிழுந்துகளில் இடம்பெற்றது. டிரான்சிஸ்டர் வந்தபின் வானொலியின் மின்தேவை பெரிதும் குறைந்தது. ஆனால் முனை மாறிய இணைப்பைத் தாங்கும் திறன் டிரான்சிஸ்டருக்கு இல்லை. இதனால் மகிழுந்தின் புவி இணைப்பு எந்த முனையில் உள்ளது என்னும் கேள்வி முதன்மை பெற்றது.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. 1984இல் பயனியர் நிறுவனம் மகிழுந்துக்கான குறுவட்டுக் கருவியை வெளியிட்டது. இந்தியாவில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெறும் முறை இருந்தது; இம்முறை 1980களில் கைவிடப்பட்டது. அதே பத்தாண்டில் கேசட்டுகள் பெருமளவில் பரவியதால், வாடகை மகிழுந்துகளிலும் ஒலிக்கருவி பொருத்துவது வழக்கமாயிற்று.

தமிழ்நாட்டில் காணப்படும் மகிழுந்துகள்

அம்பாசிடர், பிரித்தானியாவின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை மகிழுந்தை மூலவடிவாகக் கொண்டது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேற்கு வங்காள உத்தரபாரா ஆலையில் 1950களின் இறுதி முதல் 2014 வரை இது உற்பத்தி செய்யப்பட்டது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரித்தானியாவின் டிரையம்ப் ஹெரால்டை மூலவடிவாகக் கொண்டது. சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதை உற்பத்தி செய்தது. பிரீமியர் பத்மினி, இத்தாலியின் பியட் 1100 வகையைச் சேர்ந்தது. மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் உற்பத்தி செய்த இவ்வகை, 1970களில் பத்மினி என்னும் பெயரைப் பெற்றது.

மின் உறுப்புகளைப் பொறுத்தவரை, பிரித்தானிய மூலவடிவம் கொண்ட மகிழுந்துகள் லூகாஸ் நிறுவனத்தின் முறையைப் பின்பற்றின. டி. வி. சுந்தரம் ஐயங்கார் குழுமமும் லூகாஸ் நிறுவனமும் இணைந்து 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் டைனமோ, ஸ்டார்ட்டர் போன்ற உறுப்புகளை உற்பத்தி செய்தது. பழைய அம்பாசிடரின் மின்சுற்றைப் புரிந்துகொள்ள லூகாஸ் கம்பி நிறங்கள் இன்றும் உதவுகின்றன.

வாழப்பாடி, சேலம், நாமக்கல் பகுதி

வாழப்பாடி, சேலத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையையொட்டி அமைந்துள்ள ஊராகும். பாக்கு வணிகத்திற்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் பிற சிற்றூர்களைப் போலவே இப்பகுதியிலும் அம்பாசிடர் வாடகை வண்டியாகவும் திருமண வண்டியாகவும் நோயாளிகளை நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வண்டியாகவும் நெடுங்காலம் பயன்பட்டது.

சேலத்திற்குத் தெற்கே உள்ள நாமக்கல் சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், சங்ககிரி சரக்குந்துப் போக்குவரத்திற்கும் பெயர் பெற்றவை. எனவே இப்பகுதியில் வாகன மின்பணிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இப்பட்டறைகளுக்கு வருபவற்றுள் கனரக வண்டிகள் மிகுதி. பெரும்பாலான கனரக வண்டிகள் 24 வோல்ட்டு மின் அமைப்பு கொண்டவை. மகிழுந்துகள் 12 வோல்ட்டு கொண்டவை. இவ்வேறுபாட்டின் விளைவுகள் கீழே தனிப்பிரிவில் தரப்பட்டுள்ளன.

இச்சமவெளியில் கோடைப் பகல் வெப்பம் 37, 38 பாகை செல்சியசை எட்டுவது வழக்கம். வெயிலில் நிறுத்திய வண்டியின் உட்புறமும் பொறி அறையும் இதைவிட மிகுதியாகச் சூடாகும். பழைய கம்பிகளின் இரப்பர் அல்லது பருத்திக் காப்புறை இவ்வெப்பத்தில் உலர்ந்து உதிரும். தோட்டங்களிலும் களங்களிலும் நிறுத்தப்படும் வண்டிகளில் எலியும் அணிலும் கம்பியைக் கடிப்பதுண்டு. எனவே புதிய கருவியை இணைக்கும் முன் பழைய கம்பிகளைக் கண்ணால் பார்த்துச் சோதித்தல் இன்றியமையாதது.

பழைய மகிழுந்தின் மின் அமைப்பு

மகிழுந்தில் பேட்டரியின் ஒரு முனை உடலின் இரும்புத் தகட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். இதுவே வழக்கில் எர்த் எனப்படும் புவி இணைப்பு. மற்ற முனையிலிருந்து செல்லும் கம்பி விளக்கு முதலியவற்றை அடைய, மின்னோட்டம் உடல் வழியாகத் திரும்புகிறது. இதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கம்பி போதுமானதாகிறது.

பொறி ஓடும்போது மின்சாரத்தைத் தருவது டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் ஆகும். டைனமோவின் வெளியீட்டை ஒழுங்குபடுத்தும் பெட்டியைப் பட்டறைகளில் கட்-அவுட் என்பர். டைனமோவின் குறை யாதெனில், பொறி மெதுவாகச் சுழலும்போது அது ஏறத்தாழ மின்சாரமே தருவதில்லை. அப்போது வண்டியின் எல்லாத் தேவைகளையும் பேட்டரியே சுமக்கிறது. ஆல்டர்னேட்டர் குறைந்த சுழற்சியிலும் மின்சாரம் தரும்.

அக்காலத்துப் பிரித்தானிய மகிழுந்துகளில் பெரும்பாலும் இரண்டே உருகிகள் இருந்தன. முகப்பு விளக்கு, எரிபற்று ஆகியவற்றின் கம்பிகளுக்குப் பல மாதிரிகளில் உருகியே இல்லை. லூகாஸ் கண்ணாடி உருகியில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது உருகி அறும் அளவைக் குறிக்கும். தொடர்ந்து செலுத்தத்தக்க அளவு அதில் பாதியே ஆகும். இன்றைய தகட்டு உருகிகளில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவைச் சார்ந்தது. எனவே பழைய 35 ஆம்பியர் உருகிக்கு மாற்றாகப் புதிய 35 ஆம்பியர் உருகியை இடுவது தவறாகும்.

புவி இணைப்பின் முனை

இன்றைய மகிழுந்துகள் யாவும் எதிர்முனைப் புவி இணைப்பு கொண்டவை. அதாவது பேட்டரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆனால் பிரித்தானிய மகிழுந்துகளில் 1930கள் முதல் 1960களின் பிற்பகுதி வரை நேர்முனைப் புவி இணைப்பே பரவலாக இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டும் தொடக்ககால டிரையம்ப் ஹெரால்டும் இவ்வகையின. பியட் 1100 எதிர்முனைப் புவி இணைப்பு கொண்டது. டிரான்சிஸ்டரும் ஆல்டர்னேட்டரும் பரவியபோது உலகெங்கும் எதிர்முனை முறை நிலைபெற்றது.

பழைய அம்பாசிடர் அல்லது ஹெரால்டு எம்முறையைச் சேர்ந்தது என்பதை உற்பத்தி ஆண்டைக் கொண்டு முடிவுசெய்தல் கூடாது. பல பத்தாண்டுகளில் பல பட்டறைகளைக் கடந்து வந்த வண்டியில் முனை மாற்றப்பட்டிருக்கலாம். பேட்டரியிலிருந்து உடலுக்குச் செல்லும் தடித்த கம்பி எந்த முனையில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பின்னர் மல்டிமீட்டரால் உறுதிசெய்ய வேண்டும். கம்பியின் நிறத்தையோ முனைப்பிடியின் நிறத்தையோ நம்புதல் கூடாது.

நேர்முனைப் புவி இணைப்பு கொண்ட வண்டியில் இன்றைய ஒலிக்கருவியை நேரடியாகப் பொருத்தினால் நிகழ்வது பின்வருமாறு. ஒலிக்கருவியின் உலோகக் கூடு உள்ளே கருப்புக் கம்பியோடு, அதாவது எதிர்முனையோடு இணைந்துள்ளது. வண்டியின் உடலோ நேர்முனை. கூடு டேஷ்போர்டின் தகட்டைத் தொட்ட கணமே பேட்டரியின் இருமுனைகளும் குறுக்கே இணைகின்றன. கூட்டைத் தொடாமல் பொருத்தினாலும், ஆன்டெனா கம்பியின் வெளியுறை வழியாக அதே குறுக்கிணைப்பு ஏற்படும். ஏனெனில் ஆன்டெனாவின் அடிப்பகுதி உடலில் திருகப்பட்டுள்ளது.

சிகரெட் பற்றவைப்பான் துளையில் செருகும் கைப்பேசி மின்னேற்றிக்கும் இது பொருந்தும். நேர்முனைப் புவி இணைப்பில் துளையின் நடுமுனை எதிர்முனையாக இருப்பதால் மின்னேற்றி பழுதாகலாம்.

இச்சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் உள்ளன.

1. தனிமைப்படுத்திய மாற்றி: உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மின்தொடர்பு இல்லாத 12 வோல்ட்டு நேர்மின் மாற்றியைப் பயன்படுத்துதல். வண்டியின் மூல அமைப்பு மாறுவதில்லை. ஒலிக்கருவி தன் வழக்கப்படி எதிர்முனைப் புவி இணைப்பில் இயங்கும்.

2. கருவியைத் தனிமைப்படுத்துதல்: கூடு, ஆன்டெனா அடிப்பகுதி, யூ.எஸ்.பி. துளை ஆகிய அனைத்தையும் உடலிலிருந்து காப்பிட்டுப் பிரித்தல். இங்கு உருகி கருவியின் கருப்புக் கம்பியில் அமைய வேண்டும். ஏனெனில் உடலோடு சேராத முனை அதுவே. ஒரு காப்பு தேய்ந்தாலும் குறுக்கிணைப்பு ஏற்படும் என்பதால் இம்முறை நெடுங்காலத்திற்கு ஏற்றதன்று.

3. வண்டியின் முனையை மாற்றுதல்: நேர்முனைப் புவி இணைப்பை எதிர்முனைப் புவி இணைப்பாக மாற்றுதல். டைனமோ கொண்ட வண்டிகளில் இது எளிது.

முனை மாற்றும் முறை

முதலில் பேட்டரியின் இரு கம்பிகளும் கழற்றப்பட வேண்டும். பேட்டரியைத் திருப்பி வைத்து எதிர்முனையை உடலோடு இணைக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனைத் தண்டு எதிர்முனைத் தண்டைவிடச் சற்றுப் பருத்தது. எனவே பழைய முனைப்பிடிகள் பொருந்தாமற் போகலாம். அவற்றைச் சுத்தியலால் தட்டி ஏற்றாமல் புதியன இடுவது முறையாகும்.

அடுத்து, எரிபற்றுச் சுருளின் இரு சிறு கம்பிகளும் இடம் மாற்றப்பட வேண்டும். மாற்றாவிடினும் பொறி ஓடும். ஆனால் தீப்பொறி செருகியில் முனை தலைகீழாகி, தீப்பொறிக்கு மிகுந்த மின்னழுத்தம் தேவைப்படும். அம்மீட்டர் இருப்பின் அதன் இரு கம்பிகளும் மாற்றப்பட வேண்டும்.

மூன்றாவதாக, டைனமோவிற்குப் புதிய முனையைக் கற்பிக்க வேண்டும். பேட்டரி புதிய முறையில் இணைக்கப்பட்ட பின், டைனமோவின் எப் முனைக் கம்பியைக் கழற்றி, பேட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் ஒரு கம்பியால் டைனமோவின் எப் முனையைச் சில முறை நொடிப்பொழுது தொட வேண்டும். சிறு பொறி தோன்றும். இதனால் டைனமோவின் இரும்பில் எஞ்சியுள்ள காந்தம் புதிய திசையைப் பெறும். பொறியை இயக்கும் முன்னரே இதைச் செய்தல் வேண்டும். தவறினால் கட்-அவுட்டின் தொடுமுனைகள் எரியும்.

ஸ்டார்ட்டர் மோட்டார், விளக்குகள், ஒலிப்பான் ஆகியவற்றில் மாற்றம் தேவையில்லை. ஸ்டார்ட்டரில் புலச்சுருளும் சுழலும் சுருளும் சேர்ந்தே முனை மாறுவதால் அது சுழலும் திசை மாறுவதில்லை. நிலைக்காந்தம் கொண்ட மோட்டார்கள் மட்டும் எதிர்த்திசையில் சுழலும். அவற்றின் கம்பிகளை மாற்ற வேண்டும். டையோடு கொண்ட உறுப்புகள், பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஆகியவற்றை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில் பேட்டரியை முனை மாற்றி இணைத்தால் அதன் டையோடுகள் உடனே எரிந்துவிடும்.

பணி முடிந்ததும், எதிர்முனைப் புவி இணைப்பு என்று எழுதிய சீட்டைப் பேட்டரியருகே ஒட்டுவது நலம். அடுத்து வண்டியைத் திறக்கும் மின்பணியாளருக்கு இது உதவும்.

மின்னோட்டக் கணக்கு

லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்ச வெளியீடு 22 ஆம்பியர் ஆகும். இரவில் மழையில் ஓடும் வண்டியின் தோராயத் தேவை பின்வருமாறு:

முகப்பு விளக்குகள் (45 வாட்டு வீதம் இரண்டு): 7.5 ஆம்பியர்
பக்க, பின் விளக்குகள்: 2.5 ஆம்பியர்
எரிபற்று: 3 ஆம்பியர்
துடைப்பான்: 3 ஆம்பியர்
மொத்தம்: 16 ஆம்பியர்

எஞ்சுவது 6 ஆம்பியர். பேட்டரிக்கு மின்னேற்றவும் இதிலிருந்தே எடுக்க வேண்டும். இயல்பான ஒலியளவில் ஒரு ஒலிக்கருவி சராசரியாக 2 முதல் 4 ஆம்பியர் வரை எடுக்கும். எனவே தனி ஆம்ப்ளிபயர் இல்லாத எளிய ஒலிக்கருவியை டைனமோ தாங்கும்.

பெட்டியின் மீது "50 வாட்டு, நான்கு" என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்குதல் கூடாது. 14.4 வோல்ட்டைத் தன்னாலேயே பெருக்கி 4 ஓம் தடையால் வகுத்தால் ஏறத்தாழ 52 வாட்டு கிடைக்கும். இது சதுர அலைக்கான கோட்பாட்டு எல்லை. இசைக்கு நெருக்கமான சைன் அலைக்கு இதில் பாதி, அதாவது 26 வாட்டே எல்லை. இழப்புகள் போக உண்மையில் கிடைப்பது இன்னும் குறைவு. பொறியை நிறுத்தி 12 வோல்ட்டில் கேட்கும்போது இவ்வெல்லை 18 வாட்டாகக் குறையும்.

இதற்கு மாறாக, உண்மையாகவே 200 வாட்டு வெளியிடும் தனி ஆம்ப்ளிபயர் 60 விழுக்காடு திறனுடையதாயின், முழு ஒலியில் ஏறத்தாழ 333 வாட்டை, அதாவது 25 ஆம்பியரை எடுக்கும். இது டைனமோவின் முழு வெளியீட்டையும் விஞ்சுகிறது. இத்தகைய கருவிகளை விரும்புவோர் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாற வேண்டும்.

திருமண மண்டப வாயிலில் நின்றபடி மூன்று மணி நேரம் பாட்டு ஒலிக்கும் வண்டி, 4 ஆம்பியர் வீதம் 12 ஆம்பியர்-மணி மின்னூட்டத்தை இழக்கிறது. 60 ஆம்பியர்-மணி கொண்ட நல்ல பேட்டரிக்கு இது பெரிதன்று. ஆனால் பழைய பேட்டரியும், ஊருக்குள் மெதுவாகச் சென்று திரும்பும் இரவுப் பயணமும் சேர்ந்தால், மறுநாள் காலை வண்டி கிளம்பாமற் போகலாம்.

நினைவகத்திற்காக ஒலிக்கருவி எப்போதும் சில மில்லி ஆம்பியர்களை எடுத்துக்கொண்டிருக்கும். 5 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் 30 நாட்களில் 3.6 ஆம்பியர்-மணி ஆகும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் வண்டிகளில் பேட்டரித் துண்டிப்புச் சாவி பயனுள்ளது.

கம்பிகளின் நிறங்கள்

சந்தையில் கிடைக்கும் ஒலிக்கருவிகளின் கம்பி நிறங்கள் பெரும்பாலும் பின்வரும் மரபைப் பின்பற்றுகின்றன:

மஞ்சள்: பேட்டரியிலிருந்து இடைவிடாத மின்சாரம்
சிவப்பு: சாவி திருப்பினால் வரும் மின்சாரம்
கருப்பு: புவி இணைப்பு
நீலம்: மின் ஆன்டெனா
நீலத்தில் வெள்ளைக் கோடு: தனி ஆம்ப்ளிபயரை இயக்கும் சைகை
வெள்ளை, சாம்பல்: முன்புற இடது, வலது ஸ்பீக்கர்கள்
பச்சை, ஊதா: பின்புற இடது, வலது ஸ்பீக்கர்கள்

ஸ்பீக்கர் கம்பி ஒவ்வொன்றுக்கும் கருப்புக் கோடிட்ட இணைக் கம்பி உண்டு, அது எதிர்முனையாகும்.

லூகாஸ் முறையில் வண்டியின் பக்கம் உள்ள நிறங்கள் வேறானவை. பழுப்பு, பேட்டரியிலிருந்து உருகியின்றி வருவது. ஊதா, உருகி வழியாக எப்போதும் வருவது. வெள்ளை, சாவி வழியாக உருகியின்றி வருவது. பச்சை, சாவியும் உருகியும் கடந்து வருவது. கருப்பு, புவி இணைப்பு. இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால் பச்சை, ஊதா, வெள்ளை ஆகியவை இரண்டிலும் வெவ்வேறு பொருள் கொண்டிருப்பதைக் காணலாம். நிறத்தோடு நிறம் சேர்த்தால், ஸ்பீக்கருக்குச் செல்ல வேண்டிய முனையில் பேட்டரியின் மின்சாரம் பாய்ந்து கருவியின் ஆம்ப்ளிபயர் சில்லு எரியும்.

இணைக்கும் முறை

பழைய கம்பித் தொகுதியை வெட்டிக் கிளை எடுப்பதைவிட, ஒலிக்கருவிக்குப் பேட்டரியிலிருந்தே தனிக் கம்பி இழுப்பது சிறந்தது. இது எதிர்முனைப் புவி இணைப்பு கொண்ட வண்டிக்குப் பின்வருமாறு செய்யப்படும்.

பேட்டரியின் புவி இணைப்புக் கம்பி முதலில் கழற்றப்படும். பணி முடிந்தபின் கடைசியாக மாட்டப்படும். நேர்முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி டேஷ்போர்டுக்கு இழுக்கப்படும். பேட்டரிக்கு மிக அருகிலேயே 10 அல்லது 15 ஆம்பியர் உருகி அமையும். உருகி காப்பது கருவியை அன்று, கம்பியையே காக்கிறது. உருகிக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட கம்பி காப்பற்றது என்பதால் அதன் நீளம் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும்.

பொறி அறைக்கும் உட்புறத்திற்கும் இடையேயுள்ள தகட்டைக் கம்பி கடக்கும் துளையில் இரப்பர் வளையம் கட்டாயம் தேவை. வளையம் இல்லாவிடில் வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு காப்புறையை அறுத்துவிடும்.

கம்பியின் தடிமன் ஒலியையும் பாதிக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 5 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியருக்கு 0.57 வோல்ட்டை இழக்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.34 வோல்ட்டே ஆகும்.

மஞ்சள் கம்பி இப்புதிய கம்பியோடு நேரடியாக இணையும். சிவப்புக் கம்பிக்கு ஒரு ரிலே வழியாக மின்சாரம் தரலாம். அதனால் பழைய சாவியின் தொடுமுனைகளில் சுமை ஏறாது. கருப்புக் கம்பி, வண்ணப்பூச்சும் துருவும் சுரண்டப்பட்ட தகட்டில் திருகால் இறுக்கப்பட வேண்டும். பழைய வண்டிகளில் ஏற்படும் ஒலிக்கோளாறுகள் பலவற்றுக்குத் துருவேறிய புவி இணைப்பே காரணம்.

கம்பிகளை முறுக்கி நாடா சுற்றி விடுவது பரவலான வழக்கம். கோடை வெப்பத்தில் நாடாவின் பசை இளகி நழுவும். பற்றாசு வைத்தோ அழுத்து முனைகளாலோ இணைத்து, சுருங்கு குழாயால் மூடுவதே நிலைக்கும்.

இயக்கும் முன், பொறியைச் சற்று வேகமாக ஓடவிட்டு மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 14 முதல் 14.5 வோல்ட்டு வரை இருத்தல் இயல்பு. கட்-அவுட் பழுதடைந்து 16 வோல்ட்டைத் தாண்டினால் ஒலிக்கருவிக்கும் பேட்டரிக்கும் தீங்காகும்.

ஸ்பீக்கர்கள்

பழைய ஒற்றை ஒலி வானொலிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருப்பதுண்டு. இன்றைய கருவிகளில் இவ்வாறு செய்தல் கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரு முனைகளும் ஆம்ப்ளிபயரால் தனித்தனியே இயக்கப்படுகின்றன. எதையும் உடலோடு இணைத்தால் கருவி பழுதாகும். எனவே பழைய ஸ்பீக்கர் கம்பியைப் பயன்படுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் புதிதாக இரு கம்பிகள் இழுக்க வேண்டும். தடை 4 ஓமிற்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

அம்பாசிடரில் பின் இருக்கையின் மேலுள்ள தட்டு ஸ்பீக்கர் பொருத்த வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படும் இடம். கதவுகளில் பொருத்தினால், கம்பி மடங்கும் கீல் பகுதியில் இரப்பர் உறை தேவை.

இரைச்சல்

ஒலியோடு கேட்கும் இரைச்சலின் தன்மையைக் கொண்டு அதன் மூலத்தை அறியலாம். பொறியின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளை, டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. வேகத்தோடு விரைவுபடும் டிக்-டிக் ஒலி, எரிபற்றுச் சுற்றிலிருந்து வருவது. டீசல் பொறியில் தீப்பொறி இல்லாததால் பின்னது கேட்பதில்லை.

டைனமோவின் டி முனைக்கும் உடலுக்கும் இடையே 1 மைக்ரோபாரடு மின்தேக்கி இணைப்பது பழைய தீர்வாகும். எப் முனையில் இணைத்தல் கூடாது. அது கட்-அவுட்டைக் கெடுக்கும். எரிபற்றுச் சுருளில், சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனையில் அதே அளவு மின்தேக்கியை இணைக்கலாம். தீப்பொறி செருகிகளுக்குக் கார்பன் தடைக் கம்பிகள் இடுவதும் பயன் தரும்.

24 வோல்ட்டு வண்டிகளும் மகிழுந்தும்

கனரக வண்டிகளில் இரண்டு 12 வோல்ட்டு பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட்டு பெறப்படுகிறது. அவற்றில் 12 வோல்ட்டு ஒலிக்கருவியை இயக்க, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அப்பேட்டரி குறைமின்னூட்டத்திலும் மற்றது மிகைமின்னூட்டத்திலும் இருந்து இரண்டுமே விரைவில் கெடும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் மாற்றியே முறையான தீர்வு.

சரக்குந்துகளுக்காக விற்கப்படும் இம்மாற்றிகள், நேர்முனைப் புவி இணைப்பு கொண்ட மகிழுந்தின் சிக்கலைத் தீர்க்கமாட்டா. அவற்றுக்குத் தேவையான உள்ளீடு 24 வோல்ட்டு. மேலும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் உள்ளீட்டின் எதிர்முனையும் வெளியீட்டின் எதிர்முனையும் உள்ளே ஒன்றாகவே இணைந்துள்ளன. தனிமைப்படுத்திய மாற்றி என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்டதையே மகிழுந்துக்கு வாங்க வேண்டும்.

வானொலி அலைவரிசைகள்

இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. இந்தியப் பண்பலை வரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்சு வரையிலானது. ஜப்பானில் விற்பனைக்கென உருவாக்கப்பட்ட பழைய ஒலிக்கருவிகள் 76 முதல் 90 மெகாஹெர்ட்சு வரை மட்டுமே ஏற்பதால், இந்திய நிலையங்களுள் மிகப்பல அவற்றில் கிடைக்கமாட்டா. மத்திய அலையில் இந்திய நிலையங்கள் 9 கிலோஹெர்ட்சு இடைவெளியில் அமைந்துள்ளன. அமெரிக்கக் கருவிகள் 10 கிலோஹெர்ட்சு இடைவெளியில் தேடும். திருச்சிராப்பள்ளி வானொலியின் 936 கிலோஹெர்ட்சு இவ்விடைவெளியில் சரியாக அமையாது. வாங்கும் முன் நாட்டுத் தெரிவு வசதி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

தீ அபாயம்

நிறைவான மின்னூட்டம் கொண்ட மகிழுந்து பேட்டரி, குறுக்கிணைப்பில் பல நூறு ஆம்பியர்களை வெளியிடும். உருகியில்லாத மெல்லிய கம்பி சில நொடிகளில் செந்நிறமாகி, அருகிலுள்ள கம்பிகளின் காப்புறை, இருக்கைப் பஞ்சு, தரைவிரிப்பு ஆகியவற்றைப் பற்றவைக்கும். பழைய இரண்டு உருகிகளுள் ஒன்றிலிருந்து மெல்லிய கம்பியால் கிளை எடுப்பதும் பாதுகாப்பன்று. உருகி அறுவதற்கு முன் கம்பியே எரியும். உருகி அறுந்தால் அதற்குப் பதிலாகச் செப்பு இழையையோ சிகரெட் பெட்டித் தாளையோ சுற்றுவது, அந்த ஒரே காவலையும் நீக்குவதாகும். உருகி மீண்டும் மீண்டும் அறுந்தால் காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, பெரிய உருகி இடுதல் கூடாது.

பணியின்போது மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

மூல வடிவைப் பேணுதல்

இன்றைய ஒலிக்கருவிகளின் முகப்பு 182 மில்லிமீட்டர் அகலமும் 53 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட திறப்பில் பொருந்துமாறு அமைக்கப்படுகிறது. பழைய டேஷ்போர்டுகளில் இவ்வளவு திறப்பு இல்லாததால் தகட்டை வெட்டுவது வழக்கமாக இருந்தது. அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. வெட்டப்படாத டேஷ்போர்டு இனிப் புதிதாகக் கிடைக்கப்போவதில்லை. எனவே கருவியை டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் சட்டத்திலோ, பொருள் வைக்கும் அறையினுள்ளோ பொருத்துதல் நலம். கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக இயங்கும் சிறு ஆம்ப்ளிபயரை இருக்கைக்கடியில் மறைத்து வைப்பதும் இப்போது இயல்வதே. பழைய வானொலியின் கூட்டையும் குமிழ்களையும் அப்படியே வைத்து, உட்பகுதியை மட்டும் மாற்றுவோரும் உளர்.

புதிய கம்பிகளைத் தனித்தொகுதியாக இழுத்திருந்தால், பின்னாளில் கருவியைக் கழற்றும்போது வண்டி தன் பழைய நிலைக்கு எளிதில் திரும்பும். இணைப்பின் வரைபடத்தைத் தாளில் வரைந்து வண்டியின் ஆவணங்களோடு வைப்பது, அடுத்து வரும் உரிமையாளருக்கும் மின்பணியாளருக்கும் உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

அம்பாசிடர் மகிழுந்து
பிரீமியர் பத்மினி
டைனமோ
உருகி
வாழப்பாடி